மனச்சிதைவு நோய்க்கு உளவியக்கவியல் விளக்கங்கள்: எதற்குக் கைகொடுக்கும், எதற்குக் கைகொடுக்காது

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் ஒருவருக்கு வந்துவிட்டால், சுற்றி இருப்பவர்களுக்கு மூன்று கேள்விகள் ஒரே நேரத்தில் எழும். இது ஏன் வந்தது? எந்தச் சிகிச்சைக்குப் போவது? இவரிடம் எப்படிப் பேசுவது? ஒரு கேள்விக்கு நல்ல பதில் தரும் கொள்கை மற்ற இரண்டுக்கும் நல்ல பதில் தரும் என்று எண்ணிவிடக் கூடாது. ஃப்ராய்டில் தொடங்கி வளர்ந்த உளவியக்கவியல் விளக்கங்களை, அதாவது நோயை ஆழ்மனப் போராட்டங்களாலும் சிறுவயது உறவுகளாலும் விளக்கும் கொள்கைகளைப் பற்றிய சண்டைகள் தீராமல் நீள்வதற்குக் காரணம் இதுதான். ஆதரிப்பவர்கள் மூன்றாவது கேள்வியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். எதிர்ப்பவர்களின் கண் முதல் கேள்வியின் மேல் இருக்கிறது.

எங்கள் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நோய்க்கான காரணம் என்ற அளவில் இந்த விளக்கங்களைக் கைவிட வேண்டும். ஆழ்மனதைத் தோண்டும் தீவிர உளப்பகுப்பாய்வை முக்கியச் சிகிச்சையாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆனால் நோயாளி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கும் முறை என்ற அளவில், வேறு இடத்தில் எளிதில் கிடைக்காத சில விஷயங்கள் இந்த மரபில் இருக்கின்றன. அவற்றைத் தூக்கி எறிந்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

'உளவியக்கவியல் விளக்கம்' என்று ஒருமையில் சொல்வதே குழப்பம் தருகிறது. குறைந்தது நான்கைந்து வெவ்வேறு கொள்கைகள் அந்தப் பெயரில் உலவுகின்றன. ஒன்றின் பலவீனம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் சொல்கிறார்: "மேல்மாடியில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். நான் எதையாவது நினைத்தால் உடனே அதை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள்."

ஃப்ராய்டும் டௌஸ்க்கும்

1911இல் டேனியல் பால் ஷ்ரேபர் என்ற ஜெர்மன் நீதிபதியின் நோயைப் பற்றி ஃப்ராய்டு எழுதினார். ஷ்ரேபரை அவர் நேரில் சந்தித்ததே இல்லை. ஷ்ரேபர் 1903இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளே அவருக்கு ஆதாரம். மனிதர்கள் மீதும் உலகத்தின் மீதும் வைத்திருந்த ஈடுபாட்டை நோயாளி திரும்ப இழுத்துத் தன் மீதே செலுத்திக்கொள்கிறார், அதாவது குழந்தைப் பருவத்தின் தொடக்க நிலைக்கே பின்வாங்குகிறார் என்பது அவர் வாதம். வெளியுலகம் பொருளற்றுப் போவதால்தான் 'உலகம் அழிந்துவிட்டது' என்ற உணர்வு வருகிறது. அதன் பிறகு வரும் பிறழ் நம்பிக்கைகளை (எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் அசையாத பொய்யான நம்பிக்கைகளை) நோயாகப் பார்க்காமல், இடிந்துபோன உலகத்தோடு மறுபடி தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளும் முயற்சியாக, குணமாவதற்கான முயற்சியாக அவர் பார்த்தார். அந்த இளைஞரின் மெஷின் அவருக்கு ஒரு பழுதுபார்ப்பு வேலை. ஏதோ நடக்கிறது, ஏன் என்று புரியவில்லை என்ற தாங்க முடியாத நிலையைவிட, 'யாரோ மெஷின் வைத்து எடுக்கிறார்கள்' என்ற விளக்கம் தாங்கக்கூடியது.

ஃப்ராய்டின் சீடர் விக்டர் டௌஸ்க் 1919இல் இத்தகைய மெஷின்களைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். 'நான்' எங்கே முடிகிறது, வெளியுலகம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லை கரைந்துபோனதன் விளைவு அது என்றார். தன் உடம்பும் தன் எண்ணமும் அந்நியமாகி வெளியே போய் ஒரு கருவியின் வடிவம் எடுக்கின்றன.

இந்த இரண்டு கருத்துகளும் இன்றைக்கும் உயிரோடு இருப்பது ஆச்சரியமான விஷயம். நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனை வைத்து 2003இல் மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் முன்வைத்த கொள்கையைப் பாருங்கள். மூளையில் டோபமைன் தாறுமாறாகச் சுரப்பதால் சாதாரண விஷயங்களுக்கெல்லாம் காரணமில்லாத முக்கியத்துவம் ஏறுகிறது, அந்தப் புரியாத அனுபவத்துக்கு நோயாளி கண்டுபிடிக்கும் விளக்கமே பிறழ் நம்பிக்கை என்கிறார் அவர். ஃப்ராய்டின் 'பழுதுபார்ப்பு' இதில் வேறு அடித்தளத்தில் மறுபடி எழுந்து நிற்கிறது. அதேபோல, தன் செயலையும் எண்ணத்தையும் 'இது என்னுடையது' என்று மூளை அடையாளம் காணத் தவறுவதால்தான் எண்ணங்கள் அந்நியமாகத் தோன்றுகின்றன என்று கிறிஸ்டோஃபர் ஃப்ரித் 1992இல் எழுதினார். டௌஸ்க் விவரித்ததும் அதே அனுபவம்தான்.

அனுபவத்தின் வர்ணனை நிற்கிறது, காரணம் நிற்கவில்லை. குழந்தைப் பருவத்துக்குப் பின்வாங்குவதுதான் நோய் என்றால், நோயாளி குழந்தையைப் போல இருக்க வேண்டும். கைக்குழந்தைகளிடம் இந்த நோயின் சாயல் எதுவும் இல்லை. வேலை நினைவும் (ஒரு தகவலைச் சற்று நேரம் மனதில் வைத்துக் கையாளும் திறன்) சிந்தனை வேகமும் குறைவது பலரிடம் நோய் வெளிப்படுவதற்கு முன்பே தெரிகிறது. ஈடுபாடு பின்வாங்குவதைக் கொண்டு இதை விளக்க முடியாது. ஏன் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் நோய் தொடங்குகிறது என்பதற்கும் பதில் இல்லை. ஷ்ரேபரின் நோய்க்கு அடியில் ஒருபாலீர்ப்பு ஆசையை அடக்கியது இருக்கிறது என்ற ஃப்ராய்டின் வாதம் ஒரே ஒரு புத்தகத்தைப் படித்து எட்டிய முடிவு. அதைப் பொது விதியாக்க எந்த ஆதாரமும் இல்லை.

ஃப்ராய்டின் இன்னொரு தவறு நடைமுறையில் அதிகக் கேடு செய்தது. ஈடுபாடு முழுக்கத் தன்மீதே திரும்பிவிட்டதால் இவர்கள் சிகிச்சையாளரோடு உணர்வுப் பிணைப்பு கொள்ள மாட்டார்கள், ஆகவே பகுப்பாய்வு பலிக்காது என்றார். நோயாளிகளோடு பழகிய எவருக்கும் இது தவறு என்று தெரியும். அவர்களுக்குப் பிணைப்பு வரும். பல நேரம் அளவுக்கு மீறி, அச்சத்தோடு கலந்து வரும்.

கிளைன், பியோன்

உளப்பகுப்பாய்வாளர் மெலனி கிளைன் 1946இல் தந்த விளக்கம் கைக்குழந்தையின் முதல் மாதங்களுக்குப் போகிறது. அச்சத்தைத் தாங்க முடியாத குழந்தை உலகத்தை முழு நல்லது, முழுக் கெட்டது என்று பிளக்கிறது. தனக்குள் இருக்கும் வெறுப்பை வெளியே தள்ளி இன்னொருவருக்குள் ஏற்றிவிடுகிறது. பிறகு அந்த இன்னொருவரே தன்னைத் தாக்க வருவதாக அஞ்சுகிறது. அந்த நிலையைக் கடக்காமல் சிக்கிக்கொள்வதே பிற்காலத்தில் மனச்சிதைவுக்கு வித்து என்பது வாதம். வில்ஃபிரட் பியோன் 1957இல் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனார். நோயாளி தாங்க முடியாத உண்மையை அறியும் தன் மனக் கருவியையே தாக்கித் துண்டுதுண்டாக்கி வெளியே எறிகிறார் என்றார். அந்த இளைஞரின் மெஷின், பியோன் காதில், அவரே உடைத்து எறிந்த சிந்திக்கும் திறன்.

இதில் காரண விளக்கம் மிகப் பலவீனமானது. மூன்று மாதக் குழந்தையின் மனதுக்குள் இவ்வளவு சிக்கலான நாடகம் நடக்கிறது என்பதை யாரும் சோதிக்க முடியாது. நோயாளி விளக்கத்தை ஏற்றுக்கொண்டால் அது சரி. மறுத்தால் 'தாக்குகிறார்', ஆகவே அப்போதும் சரி. எதிராக எதுவுமே வர முடியாத கொள்கை சோதனைக்கு உட்படாத கொள்கை. மேலும் பிளவும் ஏற்றிவிடுதலும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையின்றி அலைபாயும் கோளாறு) உட்பட வேறு பல நிலைகளையும் விளக்கப் பயன்படுகின்றன. ஏன் ஒருவருக்கு அது, ஏன் இன்னொருவருக்கு மனச்சிதைவு என்று அது சொல்வதில்லை.

ஆனால் சிகிச்சை அறையில் பியோனின் ஒரு கருத்து பொன்னானது. எவ்வளவு கடுமையான நோயிலும் நோய்ப்படாத பகுதி ஒன்று மனதில் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆளுக்குள் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன என்றார். மெஷினைப் பற்றிப் பேசும் அதே இளைஞர், அடுத்த நிமிடம் பஸ் நேரத்தைச் சரியாகச் சொல்வார், அம்மாவின் மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்து வைப்பார். பேச்சை எந்தப் பகுதியோடு நடத்துவது என்று முடிவு செய்வதில் அனுபவமுள்ள சிகிச்சையாளரின் திறமை பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. நோயாளியோடு இருக்கும்போது தனக்கு வரும் திகில், குழப்பம், திடீர்த் தூக்கம் ஆகியவற்றை அலட்சியம் செய்யாமல் 'இவர் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்' என்பதற்கான தகவலாகப் பார்க்கும் பழக்கமும் இந்த மரபு தந்தது. வார்டில் வேலை செய்யும் நர்ஸ்களுக்கும் இது நேரடியாக உதவும்.

ஸல்லிவன், ஃப்ரோம்-ரைக்மன், 'நோய் தரும் தாய்'

மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் ஸல்லிவன் 1920களின் இறுதியில் அமெரிக்காவின் மேரிலாண்டில் உள்ள ஷெப்பர்ட் அண்ட் ஈனாக் பிராட் மருத்துவமனையில் இளம் ஆண் நோயாளிகளுக்காகச் சிறிய வார்டு ஒன்றை நடத்தினார். அங்கே வேலை செய்பவர்களை அவர்களின் சுபாவத்தைப் பார்த்துப் பொறுக்கினார். நோய் மனிதர்களுக்கு இடையில் உருவாகும் பதற்றத்தால் வளர்கிறது, ஆகவே நிதானமான மனிதச் சூழலே மருந்து என்பது அவர் நம்பிக்கை. சூழலைப் பற்றிய அந்த உள்ளுணர்வு இன்றைய நல்ல வார்டுகளில் தொடர்கிறது.

அதே மரபில் வந்த ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் 1948இல், குளிர்ச்சியும் ஆதிக்கமும் கலந்த தாய் மனச்சிதைவை உண்டாக்குகிறாள் என்ற பொருளில் 'நோய் தரும் தாய்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நோயாளிகளை அவர் அளவுக்கு மதித்த மருத்துவர்கள் குறைவு. ஆனால் அவர் தந்த அந்த ஒரு சொல் பல பத்தாண்டுகளுக்குத் தாய்மார்களின் தலையில் பழியைச் சுமத்தியது. அதற்கு ஆதாரமாக இருந்தவை சிகிச்சையில் இருந்த நோயாளிகளின் நினைவுகளும் சிகிச்சையாளரின் பார்வையும் மட்டுமே. நோயில்லாதவர்களின் குடும்பங்களோடு ஒப்பீடு இல்லை. பிள்ளை வருடக்கணக்கில் நோயோடு இருந்த பிறகு தாயின் முகத்தில் இருக்கும் கடுமையும் பதற்றமும் காரணமா விளைவா என்று கேட்கவும் இல்லை. எல்லா உளவியக்கவியல் விளக்கங்களிலும் தயங்காமல், முழுவதுமாகக் கைவிட வேண்டியது எது என்று கேட்டால், இதைத்தான் காட்டுவோம்.

இரட்டைக் கட்டு

1956இல் கிரிகரி பேட்சன், டான் ஜாக்ஸன், ஜே ஹேலி, ஜான் வீக்லண்ட் நால்வரும் முன்வைத்த இரட்டைக் கட்டுக் கொள்கை கண்டிப்பாகச் சொன்னால் தொடர்பாடல் கொள்கை. அதே மண்ணில் முளைத்ததால் இதோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அவர்கள் தரும் காட்சி இது: மருத்துவமனையில் தன்னைப் பார்க்க வந்த தாயின் தோளில் மகன் கைபோடுகிறான். தாய் விறைக்கிறாள். மகன் கையை எடுக்கிறான். 'இப்போதெல்லாம் என்மேல் பாசம் இல்லையா?' என்கிறாள் தாய். எதைச் செய்தாலும் தவறு, தவறு என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது, அங்கிருந்து விலகவும் முடியாது. இத்தகைய கட்டுகளில் வளர்பவர் குழம்பிய பேச்சையே தப்பும் வழியாகக் கற்றுக்கொள்கிறார் என்பது வாதம்.

காட்சி உண்மையானது, பலருடைய வீட்டிலும் நடப்பது. சிக்கலும் அங்கேதான். நோயில்லாத குடும்பங்களிலும் இது நடக்கிறது. எது இரட்டைக் கட்டு, எது இல்லை என்று ஆய்வாளர்களால் ஒத்த கருத்துக்கு வர முடியவில்லை என்பதால் எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை. 1974இல் ஜோன் லீம் செய்த ஆய்வு திசையையே திருப்பியது. நோயுற்ற மகன்களின் குழப்பமான பேச்சு, தம் பெற்றோரை மட்டுமல்ல, பிறருடைய பெற்றோரையும் தடுமாற வைத்தது.

பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் ஜாக் லக்கானின் விளக்கத்தை ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறோம். 1955-56 கருத்தரங்கில் அவர் சொன்னது, குழந்தையை மொழியின் ஒழுங்குக்குள் கொண்டுவரும் 'தந்தையின் பெயர்' என்ற அடிப்படைக் குறி மனதில் பதியாமலே போவதுதான் சித்தப்பிறழ்வின் (மனச்சிதைவு உட்பட, நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலைகளின்) வேர் என்பது. நோயாளியின் மொழியைச் சொல் சொல்லாகக் கவனிக்கும் பயிற்சி அதன் பலம். அதைத் தவிர, சோதிக்கக்கூடிய எதையும் அது முன்வைப்பதில்லை.

காரணம் என்ற கேள்விக்குச் சான்றுகள் சொல்வது

குடும்ப வளர்ப்பையும் மரபணுவையும் பிரித்துப் பார்க்கத் தத்தெடுப்பு ஆய்வுகளே சிறந்த வழி. மனச்சிதைவு உள்ள தாய்மார்களுக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரை லெனர்ட் ஹெஸ்டன் 1966இல் ஆராய்ந்தார். அவர்களில் 5 பேருக்கு நோய் இருந்தது. ஒப்பீட்டுக் குழுவின் 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. தாயின் கையில் வளராமலே நோய் வந்திருக்கிறது. டென்மார்க்கின் இரட்டையர் பதிவேட்டை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் விகிதம் 33%, இருகரு இரட்டையரில் 7%.

அதற்காகச் சூழலுக்கு வேலையே இல்லை என்று கதவைச் சாத்திவிட முடியாது. ஒரே மரபணு இருந்தும் மூன்றில் இரண்டு பேருக்கு நோய் வரவில்லை. பின்லாந்துத் தத்தெடுப்பு ஆய்வின் 2004ஆம் ஆண்டு முடிவுகளில், மரபணு அபாயம் உள்ள தத்துப்பிள்ளைகள் சீரான குடும்பத்தில் வளர்ந்தபோது 5.8% பேருக்கு மனச்சிதைவு வகைக் கோளாறுகள் வந்தன. சீர்கெட்ட குடும்பத்தில் வளர்ந்தவர்களில் அது 36.8%. அபாயம் இல்லாத பிள்ளைகளில் குடும்பம் எப்படி இருந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2012இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, சிறுவயதுத் துன்புறுத்தலும் புறக்கணிப்பும் சித்தப்பிறழ்வின் வாய்ப்பை ஏறக்குறைய 2.8 மடங்கு உயர்த்துவதாகக் கண்டது.

சிறுவயது முக்கியம் என்று உளவியக்கவியலார் அடித்துச் சொன்னது வீண் போகவில்லை. ஆனால் அந்தத் துன்பங்கள் மனச்சோர்வையும் பதற்றத்தையும்கூட உயர்த்துகின்றன, மனச்சிதைவுக்கென்று தனியான தடயம் அவற்றில் இல்லை. அன்பான, இயல்பான வீடுகளில் வளர்ந்த ஏராளமானோருக்கும் நோய் வருகிறது. ஜோசஃப் ஜூபினும் போனி ஸ்பிரிங்கும் 1977இல் வகுத்த 'பலவீனமும் அழுத்தமும்' என்ற சட்டகம் இந்தச் சான்றுகள் எல்லாவற்றையும் தாங்குகிறது. பிறவியிலோ பின்னரோ வரும் பலவீனம் ஒருபுறம், வாழ்க்கை தரும் அழுத்தம் மறுபுறம். காரணம் பற்றி யோசிக்க இதையே தேர்ந்தெடுங்கள்.

சிகிச்சை என்ற கேள்வி: நான்கு வழிகள்

மருந்து இந்தத் தேர்வில் போட்டியாளர் இல்லை, தரைத்தளம். 65 சோதனைகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27% பேருக்கு. வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 64% பேருக்கு. கீழே சொல்லும் நான்கும் மருந்தோடு சேர்த்துத்தான்.

முதல் வழி, ஆழ்ந்த உளப்பகுப்பாய்வு. வாரத்தில் மூன்று நான்கு அமர்வுகள், பல ஆண்டுகள். 1968இல் ஃபிலிப் மே வெளியிட்ட கலிஃபோர்னியா ஆய்வு 228 நோயாளிகளை ஐந்து குழுக்களாகப் பிரித்தது. மருந்து பெற்ற குழுக்கள் முன்னேறின. மருந்தின்றி உளச்சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் வெறும் வார்டுப் பராமரிப்பு பெற்றவர்களைவிட மேலாக இல்லை. சிகிச்சை அளித்தவர்கள் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்கள் என்ற விமர்சனம் நியாயமானது. அதைச் சரிசெய்து, அனுபவசாலிகளை வைத்து நடத்திய பாஸ்டன் ஆய்வின் முடிவுகள் 1984இல் வந்தன. அதில் ஆழ்மன நுண்ணறிவைத் தேடும் சிகிச்சையைவிட, அன்றாடச் சிக்கல்களில் ஊன்றி நிற்கும் ஆதரவுச் சிகிச்சை வேலை, வீட்டுப் பொறுப்பு, மீண்டும் மருத்துவமனையில் சேராமல் இருப்பது ஆகியவற்றில் நன்றாகச் செய்தது. அதைவிட முக்கியம், சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் இரண்டு ஆண்டு முடிவதற்குள் விலகிவிட்டார்கள். அதே ஆண்டு, தீவிர உளப்பகுப்பாய்வுக்குப் பேர்போன செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையின் பழைய நோயாளிகளைச் சராசரியாக 15 ஆண்டு கழித்துத் தேடிப்போன தாமஸ் மெக்லாஷன், மனச்சிதைவு இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் நிலை மிகச் சுமார் அல்லது அதைவிட மோசம் என்று கண்டார். 36 பேரை வைத்து நடந்த மிச்சிகன் ஆய்வு உளச்சிகிச்சைக்குச் சாதகமாகப் பேசியது. ஆனால் அது மிகச் சிறியது, ஒப்பீட்டுக் குழுவின் பராமரிப்பு ஒரே மாதிரி இல்லை. இந்த வழியைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

இரண்டாவது வழி, ஆதரவு சார்ந்த உளவியக்கவியல் சிகிச்சை. வாரம் ஒருமுறை, நேருக்கு நேர் உட்கார்ந்து, ஆழ்மன விளக்கங்களைத் தவிர்த்து நடப்பது. டென்மார்க்கில் முதல்முறை நோய்கண்ட 269 பேரை வைத்து நடந்து 2012இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்றவர்கள் இரண்டு ஆண்டு முடிவில் கூடுதலாக முன்னேறியிருந்தனர். ஆனால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. ஆகவே நம்பிக்கை தரும் சான்று, முடிவான சான்று இல்லை.

மூன்றாவது, சித்தப்பிறழ்வுக்கான சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு குறைந்தது 16 அமர்வுகள் என்று பரிந்துரைக்கிறது. பலன் சுமாரானது, ஆனால் பல குலுக்கல் சோதனைகளில் பார்த்தது. 'மெஷின் இருக்கிறதா இல்லையா' என்று வாதிடாமல், அந்த நம்பிக்கையால் வரும் பயத்தையும் முடங்கலையும் குறைக்கும் வேலை இது.

நான்காவது, குடும்பச் சிகிச்சை. அதே நைஸ் வழிகாட்டலில் மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்தது 10 அமர்வுகள். இதன் அடித்தளம், வீட்டில் வெளிப்படும் உணர்ச்சிகளை அளந்த ஆய்வுகள். ஜார்ஜ் பிரவுன் 1972இலும், கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் 1976இலும் வெளியிட்ட முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், விமர்சனமும் பகையும் அளவுகடந்த தலையீடும் நிறைந்த வீட்டுக்குத் திரும்பியவர்களில் ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது 51% பேருக்கு, அமைதியான வீட்டுக்குத் திரும்பியவர்களில் 13% பேருக்கு. வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் அத்தகைய உறவினரோடு முகம்பார்த்து இருந்தால் அபாயம் இன்னும் கூடியது. இரட்டைக் கட்டுக் கொள்கை தேடித் தோற்ற விஷயத்தை இது வேறு விதமாகப் பிடித்தது. குடும்பம் நோயை உண்டாக்குவதைப் பற்றி இது பேசவே இல்லை, நோய் திரும்புவதைப் பற்றி மட்டும் பேசியது. அதனால்தான் அளக்க முடிந்தது, மாற்றவும் முடிந்தது.

குடும்பத்தோடு வாழ்பவர் என்றால் நான்காவதை முதலில் தேர்ந்தெடுங்கள். யாரும் பேசாமலே காதில் கேட்கும் குரல்களும் பயமும் அன்றாடத்தை முடக்கினால் மூன்றாவதைச் சேருங்கள். குரல்கள் அடங்கிய பிறகும் 'எனக்கு என்ன நடந்தது, நான் யார்' என்ற கேள்வி ஒருவரை அரித்துக்கொண்டே இருந்தால், அங்கே இரண்டாவது வழிக்கு உண்மையான இடம் உண்டு. உளவியக்கவியல் முறைகளைச் சிகிச்சையாகப் பயன்படுத்தக் கூடாது என்று மனச்சிதைவுச் சிகிச்சைக்கான அமெரிக்க வல்லுநர் குழு ஒன்றின் 'போர்ட்' (PORT) பரிந்துரை 1998இல் கறாராகச் சொன்னது. நைஸின் 2009 வழிகாட்டல் இன்னும் நுணுக்கமாகச் சொன்னது: நோயாளியின் அனுபவத்தையும் உறவுகளையும் ஊழியர்கள் புரிந்துகொள்ள இந்தக் கோட்பாடுகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எங்கள் பார்வைக்கு இதுவே சரியான அளவு.

இரண்டாவது வழி எங்கே தடம்புரளும்

தடம்புரள்வது பெரும்பாலும் நுட்பத்தில். படுக்கையில் படுக்க வைத்து, மனதில் வருவதையெல்லாம் சொல்லச் சொல்லும் முறை இங்கே கூடவே கூடாது. ஏற்கனவே எண்ணங்களுக்குக் கரை இல்லாமல் தவிப்பவருக்கு அது இருக்கும் கரையையும் உடைக்கும். சிகிச்சையாளர் நீண்ட நேரம் மௌனமாக இருந்தால், அந்த வெற்றிடத்தை நோயாளி அச்சத்தால் நிரப்புவார். இரண்டாவது மூன்றாவது அமர்விலேயே 'அந்த மெஷின் உண்மையில் உங்கள் அப்பா மீதான கோபம்' என்று விளக்கினால், நோயாளி காதில் விழுவது 'இவருக்கும் என் எண்ணம் தெரிகிறது' என்பதே. அடுத்த வாரம் சிகிச்சையாளரும் மெஷின் கூட்டத்தில் சேர்ந்திருப்பார்.

நல்ல சிகிச்சையாளர் அந்த இடத்தில் ஏறக்குறைய இப்படிப் பேசுவார்: "நினைக்கும்போதே எண்ணம் கையைவிட்டுப் போவது ரொம்பப் பயமாக இருக்கும். எந்த நேரத்தில் அதிகம் நடக்கிறது?" மெஷின் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை, இல்லை என்று அடிக்கவும் இல்லை. பயத்தை ஏற்றுக்கொண்டு, நேரத்தைக் கேட்டு, நோய்ப்படாத பகுதியை வேலைக்கு அழைக்கிறார். இரவில் தூக்கம் கெட்ட நாட்களில், வீட்டில் சத்தம் போட்ட நாட்களில் அதிகம் என்று பதில் வந்தால் அடுத்த வேலைக்கு வழி கிடைத்துவிட்டது.

அமர்வு 30 முதல் 45 நிமிடம் போதும். கடுமையான கட்டத்தில் 15 நிமிடமே தாங்கக்கூடும். நாள், நேரம், இடம் மாறாமல் இருக்க வேண்டும். விடுப்பில் போவதைப் பல வாரம் முன்பே சொல்ல வேண்டும், திடீர்ப் பிரிவு நோயைக் கிளப்பிவிடும். நோய் தணிந்து தெளிவு வரும் மாதங்களில் தனிக் கவனம் வேண்டும். இழந்தது என்னவென்று அப்போதுதான் உறைக்கிறது. இந்த நோய் உள்ளவர்களில் சுமார் 5% பேர் தற்கொலையால் இறக்கிறார்கள், அபாயம் நோயின் தொடக்க ஆண்டுகளில் அதிகம். அந்த நேரத்தில் குற்ற உணர்வைக் கிளறும் சிறுவயது ஆராய்ச்சியைத் தள்ளிப்போட வேண்டும். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். இந்த நோய் எதனால் வருகிறது என்று நினைக்கிறீர்கள்? 'வளர்ப்பு' என்று ஒரே சொல்லில் பதில் வந்தால் வேறொருவரைப் பாருங்கள். மருந்து தரும் மருத்துவரோடு பேசுவீர்களா, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? நோய் கூடினால் உங்கள் முறையில் என்ன மாற்றுவீர்கள்? கடைசிக் கேள்விக்கு 'இன்னும் ஆழமாகப் போவோம்' என்பது தவறான பதில். 'பேச்சை எளிதாக்கி, அமர்வைச் சுருக்கி, மருத்துவரை அழைப்போம்' என்பது சரியான பதில். மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும், பெற்றோர் தவறை ஒப்புக்கொண்டால்தான் பிள்ளை குணமாகும் என்பவரிடமும் இரண்டாம் முறை போகாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து எதைப் பார்ப்பது என்று தொடக்கத்திலேயே எழுதி வையுங்கள்: தூங்கிய மணி நேரம், வெளியே போன நாட்கள், குரலால் வேலை தடைப்பட்ட நாட்கள், தவறவிட்ட மாத்திரைகள், வீட்டில் நடந்த சண்டைகள். நோயாளியும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும், அவருக்கு எது முக்கியமோ அது. மூன்று மாதத்தில் எதுவும் அசையவில்லை என்றால் சிகிச்சையாளரோடு பேசி முறையை மாற்றுங்கள். ஆறு மாதத்திலும் அப்படியே என்றால், நோயாளிக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிடித்திருந்தால் அமர்வை மாதம் ஒன்றாகக் குறைத்துத் தொடர்ந்துகொண்டே சிபிடியையோ குடும்பச் சிகிச்சையையோ சேர்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் இரண்டு மூன்று அமர்வுகளில் முறையாக விடைபெற்று முடித்துக்கொள்ளுங்கள், சொல்லாமல் நின்றுவிட வேண்டாம்.